கால் பங்கும் முக்கால் பங்கும்: தமிழ் வகுப்பில் கணினியும் கைப்பேசியும்

(தமிழ்த்துறை நடத்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைக்கதைகள் அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் சங்க இலக்கியத்தையும் இலக்கணத்தையும் பக்திப் பனுவல்களையும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். துறைத்தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "வகுப்பிலும் வகுப்பு முடிந்த பிறகும் கணினியையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு ஏதேதோ செய்து பார்க்கிறீர்களாமே, அதையே பேசுங்கள்" என்றார். நான் கணினி படித்தவள் இல்லை. அரசு கலைக் கல்லூரியில் குறுந்தொகையும் நன்னூலும் நடத்துகிறவள். புதுக் கருவி எதைக் கண்டாலும் மயங்குகிற வயதும் போய்விட்டது, மிரள்கிற வயதும் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு, செய்து பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று உங்கள் முன் வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கருவிகளை நாம் இதுவரை ஆசிரியரின் குரலைப் பெரிதாக்கவே செலவிட்டிருக்கிறோம். அந்தக் குரலால் மாணவருக்குக் கிடைப்பது கல்வியில் சிறு பங்கு. பெரும்பங்கு மாணவர் தாமே செய்யும் வேலையில் இருக்கிறது. கருவியை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது கல்விக்கும் உதவும், ஓய்வுக்கும் உதவும். இதை ஏழு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. நன்னூல் போட்ட கணக்கு

13ஆம் நூற்றாண்டு நூலாகிய நன்னூல், எழுத்திலக்கணத்துக்குள் போகும் முன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கர் எப்படி இருப்பார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று விரிவாகப் பேசுகிறது. மாணாக்கரை அன்னம், பசு, கிளி, இல்லிக்குடம், எருமை என்று வகைப்படுத்தும் நூற்பாவை நாம் எல்லோரும் வகுப்பு சிரிக்கச் சிரிக்க நடத்துகிறோம். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு கணக்கு வருகிறது. அதைத்தான் அவசரமாகத் தாண்டிப் போகிறோம்.

கணக்கு இதுதான். ஆசிரியர் சொன்னதை மாணவர் ஒன்று விடாமல் உள்வாங்கினாலும் அவருக்குக் கிடைப்பது கால் கூறுதான். உடன் படிப்பவர்களோடு சேர்ந்து பயில்வதில் இன்னொரு கால் வரும். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் நிறையும். ஆசிரியர் தொழிலைப் பற்றி ஆசிரியர்களுக்காக எழுதிய பகுதியிலேயே ஆசிரியருக்குக் கால் பங்குதான் கொடுத்திருக்கிறார்கள். இந்த அடக்கம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இந்தக் கணக்கை இன்றைய செலவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர், காணொளிப் பாடம், 2017-இல் வந்த ஸ்வயம் தளம், 2019-இல் வந்த கல்வித் தொலைக்காட்சி எல்லாமே ஆசிரியர் சொல்வதை மாணவர் கேட்பதற்கான ஏற்பாடுகள். அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் முதல் கால் பங்குக்குள்ளேயே நிற்கின்றன என்றுதான் சொல்கிறேன். 2011-இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி வந்தது. கருவி முதன்முறையாக மாணவர் மடியிலேயே உட்கார்ந்தது. அதில் மாணவர் என்ன செய்யலாம் என்று நம் பாடத்திட்டங்கள் யோசிக்கவில்லை. மாணவர்கள் படம் பார்த்தார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை.

2. முதல் கால்: பதிவான குரல் எதற்கு உதவும்?

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டு, சில மாதங்களில் இணையவழி வகுப்பு தொடங்கியது. கூகுள் மீட்டில் பெயர்கள் வரிசையாகத் தெரியும், முகம் தெரியாது. கேள்வி கேட்டால் ஒரு நீண்ட மௌனம், பிறகு "அம்மா, சிக்னல் கட் ஆகுது" என்ற குரல். மாணவர்களில் பலர் பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் ஜவுளிக்கடையிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஒரே போன் இருந்தால் அது அண்ணனிடமோ தம்பியிடமோ இருக்கும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு விலையில்லாமல் கொடுத்தது. நல்ல உதவிதான். ஆனால் டேட்டா வந்த வீட்டில் எல்லாம் பெண்பிள்ளையின் கைக்குப் போன் வந்துவிடவில்லை.

ஒரு மணி நேர வகுப்பைக் காணொளியாகப் பதிந்து அனுப்பினால் யாரும் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் சிறு குரல் பதிவாக அனுப்பினால் கேட்டார்கள். எனவே ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். ஒரு குறுந்தொகைப் பாட்டு, மூன்று பதிவு. முதல் பதிவில் செய்யுளாகவே, ஓசை கெடாமல், சீர் சீராகப் படிப்பேன். இரண்டாவதில் சந்தி பிரித்துப் படிப்பேன். மூன்றாவதில் சொற்பொருள் மட்டும். செம்புலப்பெயனீரார் பாடிய பாட்டு ஐந்தே அடி. மூன்று பதிவையும் சேர்த்துக் கேட்டாலும் டவுன் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் போவதற்குள் முடிந்துவிடும். "வேலை நேரத்துல சத்தத்துல கேக்க முடியாதும்மா, சாப்பாட்டு நேரத்துல மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன்" என்றாள் ஒரு மாணவி. வாய்மொழித் தேர்வில் அவள் அந்தப் பாட்டைச் சந்தி பிரித்துச் சொன்னபோது ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

இதற்கும் நன்னூலில் விதி உண்டு. இரண்டு முறை கேட்டவன் நூலில் பிழைபட மாட்டான், மூன்று முறை கேட்டவன் முறையறிந்து சொல்வான் என்பது அதன் கருத்து. வகுப்பில் நின்று அறுபது பேருக்கும் மூன்று முறை சொல்ல நேரம் இல்லை. பதிவுக்கு அலுப்புக் கிடையாது.

கல்லூரி திறந்த பிறகும் இதை விடவில்லை. எதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமோ, அதாவது ஓசை, சந்தி பிரிப்பு, சொற்பொருள், அதைப் பதிவுக்குத் தள்ளிவிட்டேன். எதைக் கேட்டதும் ஒரு கேள்வி எழ வேண்டுமோ, அதாவது துறை, உள்ளுறை, இறைச்சி, அதை வகுப்புக்கு வைத்துக்கொண்டேன். தோழி சொல்வதைத் தலைவன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று கேட்டால் வகுப்பில் இருவர் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைக் காணொளியில் பதிந்து அனுப்ப முடியாது.

3. இரண்டாம் கால்: உடன் பயில்வோர்

மாணவர்கள் தங்களுக்குள் பேசிப் படிக்க வேண்டுமென்றால் முதலில் எழுத்து ஒருவர் கருவியிலிருந்து இன்னொருவர் கருவிக்குக் கெடாமல் போக வேண்டும். இன்றைய மாணவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. எங்கள் தலைமுறையில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒருவர் தட்டச்சிட்ட கட்டுரையை மற்றவர் கணினியில் திறந்தால் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்து நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகைக்கும் டாம், டாப் குறியீடுகளுக்கும் அரசின் ஏற்பு கிடைத்தது. ஒருங்குறியை அரசு ஏற்றது 2010-இல். இன்றும் பல துறைகளின் அலமாரியிலும் பென்டிரைவிலும் பழைய எழுத்துருவில் அடைபட்ட நல்ல பாடக்குறிப்புகள் கிடக்கின்றன. இதை ஏழாவது குறிப்பில் மறுபடி சொல்வேன்.

எழுத்துச் சிக்கல் தீர்ந்ததும் வேறொரு பழக்கம் வந்தது. மாணவர் குழுவில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். அதைக் கண்டித்துப் பயனில்லை. தமிழ்99-ஐப் பழக்கிப் பார்த்தேன். அந்த விசைப்பலகையில் உயிரெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யெல்லாம் வலக்கைப் பக்கம். ககர விசையை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். ஙகரத்தையும் ககரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ங்க'. ஞகரமும் சகரமும் 'ஞ்ச'. ணகரமும் டகரமும் 'ண்ட'. நகரமும் தகரமும், மகரமும் பகரமும், னகரமும் றகரமும் அப்படியே. "புள்ளி ஏன் தானா விழுதும்மா?" என்று ஒரு மாணவர் கேட்டார். மெல்லினம் தன் இன வல்லினத்தோடு சேரும் முறை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எழுத்ததிகாரத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது கொட்டாவி விட்டவர்கள், விரல் நுனியில் அது வேலை செய்வதைக் கண்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் தமிழ்99-க்கு மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பலர் கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சுக்குப் போனார்கள். 2017-இல் கூகுள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. எந்த வழியில் வந்தாலும் தமிழ் எழுத்தில் வந்தால் போதும் என்பது என் நிலை.

இனி உடன் பயில்தல். கூகுள் டாக்ஸில் ஒரே பக்கத்தை வகுப்புக்குத் திறந்துவிடுவேன். நடுவில் ஒரு திருக்குறள். ஒரு பக்கம் மணக்குடவர் உரை, மறுபக்கம் பரிமேலழகர் உரை. கீழே மாணவர்கள் தங்கள் உரையை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதன் அருகில் மற்றவர் மறுப்பு எழுதலாம், ஆனால் காரணம் காட்ட வேண்டும். பாடபேதம், உரைவேற்றுமை, மறுப்புரை என்று நம் உரையாசிரியர்கள் நூற்றாண்டு இடைவெளியில் செய்த வேலையை இவர்கள் ஒரே மாலையில் செய்கிறார்கள். வகுப்பில் வாய் திறக்காத மாணவர் ஒருவர் இந்தப் பக்கத்தில் பரிமேலழகரையே மறுத்து எழுதியிருந்தார். மறுப்பு நிற்கவில்லை. ஆனால் அவர் அதற்காக அந்த அதிகாரம் முழுவதையும் படித்திருந்தார்.

இன்னொரு பயிற்சி தேடல். சங்க இலக்கிய மூலங்கள் மதுரைத் திட்டத்தில் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி அது. "குறுந்தொகையில் கடல் எங்கெங்கே வருகிறது, தேடி எடுங்கள்" என்றேன். 'கடல்' என்று தேடினால் சில இடம் கிடைத்தது. பிறகு சந்தேகம் வந்தது. கடலும் துறையும் சேர்ந்தால் கடற்றுறை. கடலும் நீரும் சேர்ந்தால் கடனீர். 'கடலினும்' என்று வரும்போது லகரமெய்யே உருமாறிவிடும். 'கடன்' என்று தேடினால் கொடுத்த கடனும் ஆற்ற வேண்டிய கடனும் கூடவே வந்து நிற்கின்றன. போதாக்குறைக்குப் பௌவம், முந்நீர், பரவை எல்லாம் கடலே. அன்றைக்குப் புணரியல் நூற்பாவை யாரும் எனக்காகப் படிக்கவில்லை, தேடுவதற்காகப் படித்தார்கள்.

4. எஞ்சிய அரை: பிறருக்கு உரைத்தல்

நான் மிகவும் நம்புகிற பகுதி இது. பிறருக்கு எடுத்துச் சொல் என்றால் மாணவர் யாருக்குச் சொல்வார்? கருத்தரங்க அறையில் சக மாணவருக்குச் சொல்வது ஒத்திகை மாதிரி ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு அது உண்மையிலேயே தேவையாக இருக்க வேண்டும்.

தமிழ்த்துறைகளில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பலர் படிக்கிறார்கள் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர்கள் கைப்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். நாம் பாடநூலின் பக்கங்களைப் படம் பிடித்துப் பிடிஎப் ஆக்கி, "குழுவில் போட்டுவிட்டேன்" என்று நிம்மதியாகிவிடுகிறோம். படத்தைத் திரைவாசிப்பி படிக்காது. அதற்கு எழுத்து வேண்டும். எங்கள் மாணவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஓசிஆர் என்னும் எழுத்துணரியில் பக்கத்தைக் கொடுத்து, வந்த எழுத்தைப் பிழை திருத்தி அனுப்பினார்கள்.

அப்போது ஒன்று நடந்தது. பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே உருவம். எழுத்துணரி 'பாடல்' என்பதைப் 'பரடல்' என்று கொடுத்துவிடும். பார்வையுள்ளவர் கண் அதைப் பாடல் என்றே படித்துத் தாண்டிவிடும். திரைவாசிப்பி உள்ளது உள்ளபடி 'பரடல்' என்று வாசித்தது. "அக்கா, மூணாம் பத்தியில பரடல்னு வருது, பாருங்க" என்று அந்த மாணவர் திருப்பி அனுப்பினார். ஔவையை ஒகரமும் ளகரமுமாக உடைத்து அடித்திருந்ததையும் அவரே பிடித்தார். மூவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்த பக்கத்தில் அவர் காதால் பிழை கண்டார். உதவி பெறுபவர் என்று நாங்கள் நினைத்தவர் எங்கள் மெய்ப்புத் திருத்துநராக ஆனார்.

அங்கிருந்து விக்கிமூலத்துக்குப் போவது இயல்பாக நடந்தது. 1949-இல் பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு வாங்கியது முதல், எழுத்தாளர் பலரின் நூல்கள் நாட்டுடைமையாகி வந்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வந்த அந்த வகை நூல்களின் படப் பக்கங்கள் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் படம் ஒரு புறம், எழுத்து ஒரு புறம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய லை, னை, றா, னா வடிவங்கள் வரும் இடத்தில் எழுத்துணரி தடுமாறும். மாணவர் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. மெய்ப்புப் பார்த்தவரே சரிபார்க்க முடியாது. யாரும் தனியாகப் பச்சை வாங்க முடியாது என்ற இந்த ஏற்பாட்டை நன்னூலாரே ஒப்புக்கொண்டிருப்பார்.

தமிழ் விக்கிப்பீடியா வேறு வகைப் பாடம் தந்தது. 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிய களஞ்சியம் அது. ஒரு மாணவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதினார். "சோழர் காலக் கோயில்" என்று முதல் வரி. சான்று எங்கே என்று யாரோ முகம் தெரியாத ஒருவர் குறி வைத்துவிட்டார். "ஊர்ல எல்லாரும் சொல்றாங்கம்மா" என்றார் மாணவர். எல்லோரும் சொல்வதும் கல்வெட்டு சொல்வதும் ஒன்றல்ல என்று நான் பலமுறை ஆய்வு நெறிமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறி ஒன்றே அவரை நூலகத்துக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேட அனுப்பியது. நான் கொடுக்கும் மதிப்பெண்ணைவிட, ஊர் பேர் தெரியாத வாசகர் கேட்கும் சான்றுக்கு மாணவர் மதிப்புக் கொடுக்கிறார். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

5. ஓய்வு வீணாகும் நேரமா?

ஆசிரியர் ஓய்வு நேரத்தில் போனைப் பார்த்தால் தகவல் அறிகிறார், மாணவர் பார்த்தால் கெட்டுப்போகிறார் என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை.

என் ஓய்வைச் சொல்கிறேன். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஓய்வு என்பது பெரும்பாலும் கை வேலையாக இருந்து காது சும்மா இருக்கும் நேரம். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒலிநூல் கேட்கிறேன், பழைய நாதசுவரப் பதிவு கேட்கிறேன். இரவு கொஞ்ச நேரம் விக்கிமூலத்தில் ஒரு பக்கம் மெய்ப்புப் பார்ப்பேன். யாரும் கேட்காத, யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத வேலை அது. அதனால்தான் அது இளைப்பாறலாக இருக்கிறது. பகலில் வகுப்பில் செய்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படிப் பொழுதுபோக்காக விளையாடிப் பார்த்ததில் பிடிபட்டவைதான்.

மாணவரின் ஓய்வு மீம். தமிழ்நாட்டில் வடிவேலு முகம் இல்லாமல் ஓர் உணர்ச்சியும் இப்போது வெளிப்படுவதில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டுக்கும் எட்டு வடிவேலு முகம் தேடுங்கள் என்றேன். நகைக்கும் அழுகைக்கும் அச்சத்துக்கும் அடுத்த நிமிடமே வந்துவிட்டன. இளிவரலில் சிக்கினார்கள். சிலர் அடிவாங்கி அழும் முகத்தைப் போட்டார்கள், அது அழுகை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அடி வாங்கிவிட்டு வலிக்காத மாதிரி, நாலுபேர் பார்த்துவிட்டார்களே என்று குன்றிப்போய் நிற்கும் முகத்தை ஒரு மாணவி போட்டாள். குழு ஏற்றுக்கொண்டது. இளிவரலுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்களில் மென்மை, அதாவது ஆற்றல் குன்றி எளியராய் நிற்றல், ஒன்று. உரை படித்துக் காட்டி விளங்காத வேறுபாடு அந்த ஒரு படத்தில் விளங்கியது. பெருமிதம்தான் கடைசிவரை தகராறு. வடிவேலு காட்டுவது பெருமிதமா, வெற்று வீறாப்பா என்று அவர்கள் விவாதித்ததை ஒரு கட்டுரையாகவே எழுதலாம்.

இதற்கு மதிப்பெண் கிடையாது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டேன். விளையாட்டுக்கு மதிப்பெண் போட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும், மாணவர் விளையாட வேறு இடம் தேடிப் போய்விடுவார். மெய்ப்புத் திருத்துவது வேலை, அதற்கு மதிப்பெண் கொடுங்கள். மீம் விளையாட்டு, அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பது ஆசிரியர் பொறுப்பு.

6. எந்திரம் எழுதித் தரும் உரை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது ஒப்படைப்புக் கட்டுரைகள் அழகாக வருகின்றன. எல்லாம் ஒரே அழகு. முன்னுரையில் "பன்முகத்தன்மை", முடிவுரையில் "காலத்தின் தேவை". சங்கப்பாட்டு மேற்கோள் கேட்டால் எந்தத் தொகையிலும் இல்லாத அடிகளைக் கபிலர் பேரில் எழுதித் தரவும் எந்திரம் தயங்குவதில்லை.

பலர் இதைக் களவு என்று மட்டும் பார்க்கிறார்கள். நன்னூல் கணக்கின்படி பார்த்தால் நட்டம் இன்னும் பெரிது. பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் புலமையின் பாதி விளைகிறது என்றால், அந்த எடுத்துரைப்பை எந்திரத்திடம் ஒப்படைக்கும் மாணவர் தன் பாதியைத் தானே விட்டுக்கொடுக்கிறார். கட்டுரை ஆசிரியரிடம் வந்து சேர்ந்துவிடும், மாணவரிடம் எதுவும் சேராது. ஒருவருக்காக இன்னொருவர் சாப்பிட்டால் பசி ஆறாது.

தடை போட்டுப் பார்ப்பதைவிட, எந்திரத்தை மாணவர் இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஒரு குறுந்தொகைப் பாட்டுக்கு எந்திரம் தந்த விளக்கத்தைத் திரையில் போட்டேன். மேசையில் உ.வே.சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. "இது ஒரு முதலாண்டு மாணவர் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்துங்கள்" என்றேன். கூற்று யாருடையது என்பதை எந்திரம் மாற்றியிருந்தது. தோழி கூற்றைத் தலைவி கூற்றாக்கி, அதன்மேல் நெகிழ நெகிழ ஒரு பத்தி எழுதியிருந்தது. கூற்று மாறினால் பாட்டே மாறிவிடும் என்று மாணவர்கள் தாங்களே சொல்லிச் சொல்லித் திருத்தினார்கள். உரைநயம் வேறு, பொருள் சரியாக இருப்பது வேறு என்று அன்று விளக்கியவர்கள் அவர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தவறு செய்தாலும் முகம் சுளிக்காத மாணாக்கர் ஒருவர் நம் மாணவர்களுக்குக் கிடைத்திருக்கிறார். அவரிடம் பாடம் கேட்பதைவிட அவருக்குப் பாடம் சொல்வதுதான் லாபம்.

ஆனால் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. எழுதிய ஒப்படைப்பை மட்டும் வைத்து இனி மதிப்பிட முடியாது. எழுதியவரை அருகில் உட்கார வைத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நேரம் ஆகும். ஒப்படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும்.

7. நாம் செய்ய வேண்டியவை

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை, இதையெல்லாம் எங்கே செய்வது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொன்ன எதுவும் பாடத்துக்கு வெளியே இல்லை என்பதே என் பதில். புணர்ச்சி, மெய்ப்பாடு, கூற்று, பதிப்பு, ஆய்வு நெறிமுறை எல்லாம் பாடத்திட்டத்தில் இருப்பவை. நடத்தும் வழிதான் வேறு. இந்த அவையில் ஆசிரியர்கள், துறைத்தலைவர்கள், பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, பழைய எழுத்துருவில் அடைபட்ட பாடக்குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு ஓர் எழுத்துருவோடு அழிந்துபோவதற்கு நாம் சாட்சியாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, முனைவர் பட்ட ஆய்வேடுகள். 2009 முதல் ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது, அவை சோத்கங்காவில் சேர்கின்றன. தமிழ் ஆய்வேடுகளில் பல படமாகவோ பழைய எழுத்துருவிலோ கிடப்பதால் தேடினால் அகப்படுவதில்லை. ஒருவர் செய்த ஆய்வையே மற்றொருவர் மறுபடி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருங்குறியில், தேடத்தக்க எழுத்தாகத் தராத ஆய்வேட்டை நெறியாளர்கள் ஏற்கக் கூடாது.

மூன்றாவது, அகமதிப்பீட்டில் ஓர் ஒப்படைப்புக்கு மாற்றாக, விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்தலையோ, பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்க்குப் பாடத்தைத் தட்டச்சிட்டோ வாசித்துப் பதிந்தோ தருவதையோ ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு எடைக்குப் போகிற ஒப்படைப்பைவிட இது நீண்ட நாள் பயன்படும்.

நான்காவது, கணினி ஆய்வகத்தைத் தமிழ்த்துறை மாணவர்களுக்கும் திறந்துவிடுங்கள், குறிப்பாகச் சொந்தமாகக் கைப்பேசி இல்லாத மாணவிகளுக்கு. பூட்டிய ஆய்வகத்தில் தூசு படிந்துகொண்டிருக்கும் கணினிக்கும் இல்லாத கணினிக்கும் அவளைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் நாட்டுடைமை நூல் ஒன்றை விக்கிமூலத்தில் தேடுங்கள். பக்கங்கள் சிவப்பாக இருந்தால், இந்தப் பருவம் முடிவதற்குள் வகுப்பாகச் சேர்ந்து அவற்றைப் பச்சையாக்குங்கள். ஆளுக்குச் சில பக்கம்தான் வரும். அடுத்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு வரும் மாணவர் படிக்கப் போவது நீங்கள் திருத்திய பக்கத்தைத்தான்.